வாசல் நிலையில் நிற்கும் பிள்ளைகள்

மாதா கோவில் திருவிழாக் கொடி இறக்கிய மறுவாரம், திங்கட்கிழமை விடியலில், கொடிமரத் தெருவுக்குப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த டெல்ஃபின்தான் முதலில் பார்த்தாள். வாசல் நிலையில் முதுகைச் சாய்த்து, கான்வென்ட் யூனிஃபார்மும் நெஞ்சில் பேட்ஜும் கையில் மாதக் காலண்டருமாக அவள் மகள் எவ்லின் சிரித்துக்கொண்டிருந்தாள்; அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் குட்டையாக, போன கிறிஸ்துமஸுக்குத் தைத்த சிவப்பு கவுனில் இன்னொரு எவ்லின்; இன்னும் நிறையத் தள்ளி வேளாங்கண்ணியில் மொட்டை போட்ட தலையில் சந்தனம் காயாமல் இன்னொரு எவ்லின்; அப்படியே குட்டையாகிக் குட்டையாகி வரிசை கேட் வரைக்கும் போய், கடைசியில் தலை நிற்காத கைக்குழந்தை ஒன்று அந்தரத்தில் நிமிர்ந்திருக்க, அதை ஒரு கை மட்டும் தாங்கிப் பிடித்திருந்தது. மணிக்கட்டோடு முடிந்துபோன கை. விரலில் கல்யாண மோதிரம், கட்டைவிரலில் மீன் அரிந்த தழும்பு. அது டெல்ஃபினுடைய கை.

அவள் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் நிஜ எவ்லின் வாயில் கட்டைவிரலோடு, வேர்த்த கழுத்தோடு, போர்வையை மிதித்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள், பாலை அடுப்பில் வைத்தாள், மறுபடி வந்து பார்த்தாள். வாசலில் யாரும் அசையவில்லை, யாரும் கண் சிமிட்டவில்லை, சிரிப்பை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

இது எப்படி நடந்தது என்று தெருவில் யாரும் ரொம்பக் குடைந்து கேட்கவில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டு வாசலிலும் அதே கதைதான், எல்லாரும் மனசுக்குள் உடனே புரிந்துகொண்டதும் அதே ஒன்றுதான்.

கொடிமரத் தெரு கப்பல்காரர்கள் தெரு. அங்கே ஆண்கள் கப்பல் ஏறினால் திரும்ப எட்டு மாசம், ஒன்பது மாசம் ஆகும். கிளம்புகிற அன்று பெட்டியை ஆட்டோவில் ஏற்றிய பிறகு, பிள்ளையைக் கூப்பிட்டு வாசல் நிலையில் நிறுத்தி, தலைக்கு மேலே கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் தகப்பன் போவான். அப்புறம் ஒவ்வொரு மாசமும் முதல் தேதி, பெண்கள் பிள்ளையை அதே நிலையில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், கீறலைத் தாண்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கடலில் இருக்கிறவன் பார்க்கட்டும் என்று. அந்த ஒரு போட்டோவில் அவன் விட்டுப்போன அத்தனையும் தெரிய வேண்டும். அதனால் மேலே வீட்டுப் பெயர் எழுதிய டைல்ஸ் தெரியும்படி, நெஞ்சில் பள்ளிக்கூடப் பெயர் தெரியும்படி, கையில் தேதி தெரியும்படி, முடிந்தால் புதுசாக வாங்கிய ஸ்கூட்டியின் நம்பரும் ஓரத்தில் தெரியும்படி நிறுத்துவார்கள். கீழே, பிள்ளை புதுசாக என்ன பேசியது, எதற்குப் பயப்படுகிறது, எந்த மிட்டாய்க்கு உயிரை விடுகிறது என்று எழுதுவார்கள். கப்பலில் நெட் நூல் மாதிரி வரும். பாஸ்வேர்டு, ஓடிபி என்று பூட்டு வைத்தால் அந்த நூல் அறுந்துவிடும். அதனால் பிரௌசிங் சென்டர் டார்வின் தெருவுக்கென்று நெட்டில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தபோது அதைத் திறந்தே வைத்துவிட்டான், யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம்.

"வீட்டுக்கே கதவு திறந்துதாம்டி கெடக்கு, இதுக்கு என்ன பூட்டு" என்று அப்போது எதிர்வீட்டு ரெக்ஸி அக்கா சொன்னாள். "நாம என்ன சினிமாக்காரங்களா, நம்ம பிள்ளைய எவன் வந்து பாக்கப்போறான்."

இப்போது அந்தப் போட்டோ எல்லாம் எடுத்த இடத்திலேயே வந்து நின்றது, அவ்வளவுதான்.

முதல் வாரம் தெரு சந்தோஷமாகவே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வளர்ந்து, குரல் உடைந்து, எதிர்த்துப் பேச ஆரம்பித்துவிட்ட பையன்களின் அம்மாமார் வாசலில் உட்கார்ந்து, அதே பையனின் பொக்கைவாய்ச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பூண்டு உரித்தார்கள். தொட்டால் அந்தப் பிள்ளைகள் லேமினேஷன் செய்த அட்டை மாதிரி வழுவழுவென்று, சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் இருந்தார்கள். நிறைய லைக் வாங்கியவர்கள் கெட்டியாக நின்றார்கள். லைக் விழாத பிள்ளைகள் டிரேசிங் பேப்பர் மாதிரி, காற்றடித்தால் ஓரம் மடங்கி, பின்னாலிருக்கும் சுவர் தெரிய நின்றார்கள். அதை வைத்துத் தெருவில் சண்டை வந்தது. தன் மகள் மட்டும் ஏன் இப்படி வெளிறிப்போய் நிற்கிறாள் என்று மூலைவீட்டுக்காரி, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு லைக் போடச் சொன்னாள், மறுநாள் காலையில் அவள் பிள்ளைக்குக் கன்னம் உப்பியது.

ரெக்ஸி அக்காவின் மகன் ஜோவின் கூலிங் கிளாஸ் போட்டு ஆடிய ரீல் ஒன்று ஊரெல்லாம் சுற்றியிருந்தது. அந்த ஜோவின் மட்டும் நிற்கவில்லை, தெருக்குழாய் அருகே அதே இரண்டு ஸ்டெப்பை விடியலிலிருந்து விடியல் வரைக்கும் ஆடிக்கொண்டிருந்தான். பாட்டுச் சத்தம் கிடையாது, செருப்புத் தேயும் சத்தம் மட்டும்.

"கால் வலிக்காதாக்கா அவனுக்கு" என்று டெல்ஃபின் கேட்டாள்.

"நிஜமானவன் ஒரு தேங்கா வாங்கிட்டு வர மாட்டேங்கான். இவனாவது ஒழைக்கட்டும்" என்று ரெக்ஸி அக்கா சிரித்தாள்.

பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் தீர்த்தச் செம்போடு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, எல்லாம் ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுத்த முகங்கள்தானே என்று பொதுவாக ஒரு தெளிப்புத் தெளித்தார். தண்ணீர் அவர்கள்மேல் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில், நற்கருணைப் பவனி வருவதால் வாசலில் நிற்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும்படி அறிவிப்பு வந்தது. கேஸ்காரன் சிலிண்டரை இறக்கி வைக்கிற நேரத்தில் சட்டையைக் கழற்றி அவர்கள் தோளில் போட்டான். காக்கைகள் முதலில் பயந்தன, அப்புறம் உட்கார்ந்தன. மழை வந்தால் பெண்கள் ஓடிப்போய் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஒரு மாசத்தில், அவர்கள் இல்லாத தெரு எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முதல் தேதி வந்ததும் எல்லாரும் பிள்ளையை நிறுத்தி, போட்டோ எடுத்து, தெருவின் நெட் பக்கத்தில் போட்டார்கள். மறுநாள் வரிசையில் ஒன்று கூடியது.

டெல்ஃபின் மட்டும் அந்த முதல் தேதி போட்டோ போடவில்லை. சின்ன வயசில் கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா, பெஞ்சில் உட்காரும்போது பக்கத்தில் பாதி இடம் விடச் சொல்வார், காவல் தூதன் உட்காருவதற்கு. டெல்ஃபின் இப்போதும் பஸ்ஸில்கூட அப்படி ஒதுங்கித்தான் உட்காருவாள். தன் பிள்ளைக்குப் பக்கத்தில் காவல் தூதன் நிற்க வேண்டிய இடத்தில் இத்தனை பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றால் அவர் எங்கே போவார் என்று அவளுக்குத் தோன்றியது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் ரெக்ஸி அக்கா தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

பார்க்க நல்ல ஆட்கள். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, சிலர் குடும்பமாக. பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்காமல் தெருவுக்குள் வந்து, வீட்டுப் பெயரை அண்ணாந்து பார்த்து, சரியான வாசலில் நின்று, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெயரைச் சொன்னார்கள், செல்லப் பெயரைச் சொன்னார்கள், பிறந்தநாளைச் சொன்னார்கள், போன வருஷம் கீழே விழுந்து உடைத்துக்கொண்ட பல் எது என்றுகூடச் சொன்னார்கள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்தார்கள். அதுவரை அசையாத பிள்ளை, அதே சிரிப்போடு நிலையைவிட்டு விலகி, காலண்டரையும் பிடித்துக்கொண்டே, அவர்களோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோனது.

யாரும் தடுக்கவில்லை. இவ்வளவு விவரம் தெரிந்தவர்களை யார் என்னவென்று கேட்டுத் தடுப்பது?

"சொந்தமா இருக்கும்" என்றாள் மூலைவீட்டுக்காரி.

"போனா போட்டும்ட்டி, நம்ம பிள்ள வீட்ல கெடக்குல்லா" என்றாள் ரெக்ஸி அக்கா.

போனவர்களைப் பற்றிச் சேதி மெதுவாக வந்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிய மாலுமி ஒருவர், ஒரு கடையில் சோப்புப் பெட்டிகளுக்கு நடுவே தன் மகள் நின்று சிரித்ததாகச் சொன்னார். சென்னையில் ஒரு சிக்னலில் ரெக்ஸி அக்காவின் ஜோவின், ஆடுகிறவன் அல்ல, யூனிஃபார்மில் நின்றவன், தரையில் படுத்திருந்தான். நெஞ்சில் பஞ்சு வைத்துக் கட்டி, இதய ஆபரேஷனுக்கு உதவுங்கள் என்று பக்கத்தில் போர்டு வைத்திருந்தது. பேர் மட்டும் வேறு. ரெக்ஸி அக்கா அதைக் கேட்டு முதலில் சிரித்தாள், அன்று சாயங்காலம் நிஜ ஜோவினை மடியில் இழுத்துப் போட்டு அவன் திமிறத் திமிற நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். இன்னும் சில பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்குமே தெரியவில்லை. லீவில் வந்த ஆண்களில் ஒன்றிரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் சொல்லவில்லை. வந்ததும் வாசலில் மிச்சம் நின்ற தங்கள் பிள்ளைகள்மேல் வேட்டியைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

டெல்ஃபின் டார்வினிடம் போனாள். "எல்லாத்தையும் அழிச்சிரு தம்பி. எவ்லின் போட்டோ ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"அழிக்கது என்னக்கா, ஒரு நிமிஷ வேல" என்றான் அவன். அவனுக்கும் இப்போது கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. "ஆனா அழிச்சா ஒங்க கைக்குத்தான் கிட்டாது. எடுத்தவன் எடுத்ததுதான்."

"பரவால்ல, அழி."

அழித்தான். மறுநாள் காலையில் டெல்ஃபின் கதவைத் திறந்தபோது வரிசை அப்படியே நின்றது. சிவப்பு கவுன் எவ்லினை உள்ளே இழுத்துப் பூட்டிவிடலாம் என்று தோளைத் தொட்டாள். கை காற்றில் போவது மாதிரி உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. மொட்டைத் தலையைத் தொட்டாள், அதுவும் அப்படியே. அவள் கைக்கு மட்டும்தான் அப்படி. கேஸ்காரன் வந்து வழக்கம்போலச் சட்டையை மாட்டிவிட்டுப் போனான், அது நழுவாமல் தோளிலேயே தொங்கியது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான், காலையில் எழுந்தால் அதுதான், உலை வைத்தால் அதுதான், முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டினால் ஒவ்வொரு மணியிலும் அதுதான்: வருகிறவர்கள் கை தவறி நிஜத்தைப் பிடித்துவிட்டால்?

எவ்லின் அதற்குத் தகுந்த மாதிரியே செய்தாள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு விளையாட என்ன வேண்டும். வரிசைக்கு நடுவே போய், நிலையில் முதுகைச் சாய்த்து, மூச்சை அடக்கி, கண்ணைச் சிமிட்டாமல் சிரித்துக்கொண்டே நிற்பாள். அம்மா கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. முதலில் டெல்ஃபின் உடனே கண்டுபிடித்தாள். போகப்போக எவ்லின் கெட்டிக்காரியாகிவிட்டாள். ஒரு சாயங்காலம், வெயில் மங்கி முகமெல்லாம் ஒரே நிறமாக இருந்த நேரத்தில், டெல்ஃபின் வரிசைக்கு முன்னால் நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி என்று பார்த்து, எது என் பிள்ளை என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் ஒன்று தும்மியது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

அன்றுதான் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

போனை அடுத்த அறையில் அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு, டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிள்ளையின் காதில் வாயை ஒட்டவைத்துச் சொன்னாள். எங்கும் எழுதாத வார்த்தை, எந்தப் போட்டோவுக்குக் கீழேயும் போடாத வார்த்தை, எவ்லின் வயிற்றில் இருந்தபோது டெல்ஃபின் தனியாக இருக்கையில் மட்டும் வயிற்றைப் பார்த்துச் சொன்னது. அது என்ன என்று இங்கேயும் சொல்வதற்கில்லை.

"யாரு வந்து கூப்பிட்டாலும், ஒன் பேரச் சொன்னாலும், டாடி பேரச் சொன்னாலும், மிட்டாய் தந்தாலும், நீ என்ன கேக்கணும்?"

"வார்த்த."

"சொல்லலன்னா?"

"போ மாட்டேன். கத்துவேன்."

"சொன்னா?"

"சொன்னா நம்ம ஆளு."

அடுத்த வாரமே வார்த்தைக்கு வேலை வந்தது. பள்ளிக்கூட வேனுக்காக எவ்லின் படியில் நின்றிருந்தாள், டெல்ஃபின் மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க உள்ளே போனாள், வெளியே வரும்போது கேட்டுக்கு உள்ளே ஒரு பெண் நின்றாள். காட்டன் சேலை, மடக்கிய குடை, கண்ணாடி. டீச்சர் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். வரிசையைத் தாண்டி நேராக நிஜத்திடம் வந்து குனிந்திருந்தாள்.

"எவ்லின்தானே? ஏப்ரல்ல பொறந்த எவ்லின். டாடி பேரு ஆல்ட்ரின். கடலை மிட்டாய்னா உசுரு, இடின்னா பயம். சரியா?"

"வார்த்த சொல்லுங்க" என்றாள் எவ்லின்.

"என்ன வார்த்தை கண்ணு?"

"எங்க வார்த்த."

அந்தப் பெண் கோபப்படவில்லை. நிமிர்ந்து டெல்ஃபினைப் பார்த்து, நல்ல அம்மா என்பது போலத் தலையை ஆட்டினாள். "அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு சிவப்பு கவுன் எவ்லினின் கையைப் பிடித்தாள். அது நிலையைவிட்டு விலகி, சிரித்துக்கொண்டே அவளோடு போனது. போகும்போது வெயில் விழாமல் அதற்குக் குடை பிடித்தாள். டெல்ஃபின் அதைத் தடுக்கவில்லை. நிஜத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள், தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு, போகிற சிவப்பு கவுன் பிள்ளையின் பின்னலில் தான் கட்டிய ரிப்பனைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே.

வேலை செய்கிறதே என்று தெருவிலும் சொன்னாள். ரெக்ஸி அக்கா மறுநாளே ஜோவினுக்கு ஒரு வார்த்தை வைத்துவிட்டு, அதை மறந்துவிடக் கூடாதென்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

வார்த்தை நன்றாகத்தான் வேலை செய்தது, ஆல்ட்ரின் வீடியோ காலில் வரும்வரை.

கப்பலில் சிக்னல் கிடைப்பது சாப்பாட்டு ஹாலில் மட்டும்தான். அவன் முகமும் பின்னால் நாலைந்து முகமும் உடைந்து உடைந்து வந்தன. "எவி, டாடி பாரு" என்றான்.

எவ்லின் திரையை உற்றுப் பார்த்தாள். "வார்த்த சொல்லுங்க."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆல்ட்ரினும் சிரித்தான். "டாடிதான்டி மக்கா."

"வார்த்த சொல்லுங்க."

"டாடி பேரு ஆல்ட்ரின், ஒனக்குப் பொம்மை வாங்கி வச்சிருக்கேன், பாரு..."

அவன் எதையெல்லாம் சரியாகச் சொன்னானோ அதையெல்லாம் கேட்கக் கேட்க எவ்லினுக்கு முகம் மாறியது. கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். அப்புறம் பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

"என்னத்தச் சொல்லிக்குடுத்திருக்க டெல்ஃபி?"

"போன்ல சொல்ல முடியாதுங்க. வந்ததும் காதுல சொல்லுதேன்."

"வாரதுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு."

"அதுவர பொறுத்துக்கங்க."

"நான் யாருன்னு எம்பிள்ளட்ட நிரூபிக்கணும், அதுக்கு நீ ஆறு மாசம் தவணை குடுக்க."

தெருவில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றி அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவனும் நம்பத்தான் செய்தான். ஆனால் நடுக்கடலில் இருக்கிறவனுக்கு வாசல் என்பது திரையில் தெரிகிற அளவுதான். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டான், ஒவ்வொரு முறையும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போனாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்தினான். சாப்பிடாமல் கிடக்கிறான் என்று கூட இருந்த சமையல்காரர் சேதி அனுப்பினார். ஒருநாள் ஒரே ஒரு வரி வந்தது: எனக்குப் பிள்ளை இருக்கா, இல்லையா?

டெல்ஃபின் அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள், குழாயைத் திறந்துவிட்டாள், போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, உதட்டில் போனை ஒட்டவைத்து, மூச்சை விடுவது போல அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்பினாள். அனுப்பி, அவன் கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்ததும் அழித்துவிட்டாள். அழித்ததும், அழித்தால் என்ன ஆகும் என்று டார்வின் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் எவ்லின் திரையில் முத்தம் கொடுத்துக் கண்ணாடியெல்லாம் எச்சிலாக்கினாள். கடலில் ஒரு ஆள் குழந்தை மாதிரி அழுதான். டெல்ஃபினும் அழுதாள். நல்லதுதான் செய்தோம் என்று நினைத்தாள், நல்லதுதானே, தகப்பன்தானே.

தண்ணீர் லாரி வந்த அன்று தெருப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு மூலையில் நின்றார்கள். எவ்லினை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் டெல்ஃபின் போனாள். ஆனால் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பின்கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கப் பிள்ளை அந்த வாரம்தான் கற்றிருந்தாள், அதை டெல்ஃபின் எங்கும் எழுதவில்லை என்பதால் அவளுக்கே மறந்திருந்தது. இரண்டாவது குடம் நிறையும்போது திரும்பிப் பார்த்தாள். தன் வீட்டு வாசலில், மடக்கிய குடையோடு, காட்டன் சேலை கட்டிய பெண் வரிசையின் முன்னால் குனிந்து, ஒரு பிள்ளையின் காதில் வாயை ஒட்டவைத்து ஏதோ சொன்னாள். அந்தப் பிள்ளை நிமிர்ந்து தெருமுனையைப் பார்த்தது, முகமெல்லாம் சந்தோஷமாக.

"மம்மி, இவங்களுக்கு வார்த்த தெரியுது" என்று எவ்லின் கத்தினாள்.

குடம் எங்கே விழுந்தது என்று டெல்ஃபினுக்குத் தெரியாது. ஓடினாள். ரெக்ஸி அக்கா பின்னால் "ஏட்டி, ஏட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவர்கள் கேட்டைத் தாண்டிவிட்டார்கள், குழாயடியைத் தாண்டிவிட்டார்கள், ஆடிக்கொண்டிருந்த ஜோவினைத் தாண்டும்போது டெல்ஃபின் எட்டிப் பிடித்தாள். பிடித்தது கையில் அகப்பட்டது. சூடாக இருந்தது, பிசுபிசுவென்று கடலை மிட்டாய்ப் பாகு ஒட்டியது. இழுத்து மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் இந்தத் தடவையும் கோபப்படவில்லை. கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சொன்னா வரணும்னு நீங்கதானம்மா சொல்லிக்குடுத்தீங்க" என்றாள். சுற்றிலும் வந்து நின்ற பெண்களைப் பார்த்தாள். அவள் சொன்னது சரி என்பது போலவே அவர்களுக்கும் இருந்தது. குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டு, ஸ்டூலை எடுத்துப் பரண்மேல் போட்டு, டெல்ஃபின் தரையில் உட்கார்ந்தாள். வெயில் தாழ்ந்து ஜன்னல் கம்பி நிழல் தரையில் நீண்டிருந்தது. எவ்லின் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"வார்த்த சொல்லு" என்றாள்.

"மம்மிதான்டி."

"வார்த்த சொல்லு."

அந்த வார்த்தை இனி யாருடையதோ. புதுசாக ஒன்று வேண்டும். டெல்ஃபின் யோசித்தாள். பிள்ளையின் பொம்மைப் பெயர், பாடித் தூங்கவைத்த பாட்டு, முதலில் பேசிய சொல், வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர், ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஏதோ ஒரு முதல் தேதியில், ஏதோ ஒரு போட்டோவுக்குக் கீழே, கடலில் இருக்கிறவன் பார்க்கட்டும் என்று எழுதிவிட்டிருந்தாள். அவளிடம் வார்த்தையே மிச்சம் இல்லை.

அப்போதுதான் கான்வென்ட் ஞாபகம் வந்தது. ஸ்டடி ஹவரில் பேசக் கூடாது, எழுதிக் காட்டினால் சிஸ்டர் பிடுங்கிவிடுவார். அதனால் பிள்ளைகள் டெஸ்க்குக்கு அடியில் ஒருத்தி உள்ளங்கையில் இன்னொருத்தி சுண்டுவிரல் நகத்தால் கீறிப் பேசுவார்கள். சத்தம் கிடையாது, எழுத்தும் கிடையாது, தோலுக்கு மட்டும் தெரியும். டெல்ஃபின் எவ்லினைப் பக்கத்தில் இழுத்து, சேலைக்குள் இருவர் கையையும் மறைத்து, அந்தச் சின்ன உள்ளங்கையில் நகத்தால் ஒரு கோடு போட்டாள், வளைத்தாள், ஒரு இடத்தில் நிறுத்தி அழுத்தினாள். எவ்லினுக்குக் கூசியது. சிரித்தாள். அம்மாவின் உள்ளங்கையில் அதையே திருப்பிப் போட்டுக் காட்டினாள், சரியாக.

"இத யாருட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்ல முடியாதே மம்மி. சத்தமே இல்லல்லா."

டெல்ஃபினுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் மூச்சு முழுசாக உள்ளே போனது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். வாசலில் வரிசை அப்படியேதான் நின்றது, சிவப்பு கவுன் நின்ற இடம் மட்டும் காலியாக. யாரும் அசையவில்லை, யாரும் கண் சிமிட்டவில்லை. அவள் பார்வை வரிசையோடு போய், கேட் ஓரம், கடைசிப் பிள்ளையில் நின்றது.

அங்கே, மணிக்கட்டோடு முடிந்துபோன அந்தக் கை, கல்யாண மோதிரமும் மீன் தழும்புமாக, ஒரு பக்கத்துப் பிடியைத் தளர்த்தியிருந்தது. சுண்டுவிரல் நகத்தால், கைக்குழந்தையின் உள்ளங்கையில், ஒரு கோடு போட்டு, வளைத்து, ஒரு இடத்தில் நிறுத்தி அழுத்தி, மறந்துவிடாமல் இருக்க மறுபடி மறுபடி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது.